‘குரோம்ல ஓபன் பண்ணிப் பாருங்க!’ (வலை வளர்ந்த கதை – 19)

முகவரியைத் தட்டியதும் ஒரு வலைப்பக்கம் எத்தனை கணினிகளைத் தாண்டி நம் கைக்கு வந்து சேர்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வந்து சேர்ந்த அந்தப் பக்கம் உங்கள் போனிலும் என் மடிக்கணினியிலும் ஒரே மாதிரி தெரியுமா, ஒரே மாதிரி வேலை செய்யுமா? அதுதான் இந்த வாரக் கேள்வி.

விண்ணப்பம் முழுவதையும் நிரப்பி முடித்தபிறகு ‘சமர்ப்பி’ பட்டன் அழுந்தாது. பிறந்த தேதிக் கட்டத்தில் நாள்காட்டி விரியாது. பணம் கட்டும் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். உதவி எண்ணுக்கு போன் போட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: “குரோம்ல ஓபன் பண்ணிப் பாருங்க சார்.” அப்படித் திறந்தால் பல நேரம் வேலை செய்துவிடும். உடனே, தப்பு நம் போனில்தான், நமக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறோம். குறிப்பாக வயதானவர்கள். அந்தத் தப்பு பெரும்பாலும் அவர்களுடையது அல்ல, தளத்தை எழுதியவர்களுடையது.

சர்வரிலிருந்து நமக்கு வருவது படம் அல்ல, எழுத்து. எது தலைப்பு, எது பத்தி என்று சொல்வது எச்.டி.எம்.எல். எந்த நிறம், எவ்வளவு அகலம் என்று சொல்வது சி.எஸ்.எஸ். அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இவற்றைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் இன்ஜினின் வேலை. கடையில் பத்துப் பதினைந்து பிரவுசர்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும் பரவலாகப் புழங்கும் இன்ஜின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது கூகுளின் பிளிங்க். சஃபாரிக்குள் ஆப்பிளின் வெப்கிட். ஃபயர்பாக்ஸுக்குள் மொசில்லாவின் கெக்கோ.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான் ஓடவேண்டும் என்பது ஆப்பிளின் விதி. புதிய சட்டம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் இந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே நம் ஊரில், சஃபாரியில் வரைவுக் கோளாறால் உடைகிற ஒரு பக்கம், அதே ஐபோனில் குரோம் போட்டாலும் உடைந்தே இருக்கும். உதவி எண்ணில் சொல்லும் ஆலோசனை அங்கே பயன்படாது.

எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி வரையவேண்டும் என்பதற்காகத்தான் பொது விதிகளை எழுதி வைத்தார்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1994-ல் அதற்கென டபிள்யூ3சி என்ற அமைப்பைத் தொடங்கினார். விதி எழுதும் வேகத்தைவிடப் போட்டியின் வேகம் அதிகமாக இருந்ததுதான் சிக்கல். 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வந்தது. 1995 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்தது. இரண்டு கம்பெனிகளும் தங்கள் விருப்பத்துக்குப் புதுப்புது கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டே போயின. எழுத்தை மினுக்க வைக்கும் ‘பிளிங்க்’ கட்டளை (கூகுளின் இன்ஜின் அல்ல) நெட்ஸ்கேப்பின் சரக்கு. எழுத்தை ஓடவைக்கும் ‘மார்க்கீ’ எக்ஸ்ப்ளோரரின் சரக்கு. மெனு ஒன்று கீழே விரியவேண்டும் என்றால் 1997-ல் அதை இரண்டு தடவை எழுதவேண்டும்: நெட்ஸ்கேப்புக்கு ‘டாக்குமென்ட்.லேயர்ஸ்’, எக்ஸ்ப்ளோரருக்கு ‘டாக்குமென்ட்.ஆல்’. இரண்டையும் எழுத நேரமில்லாதவர்கள் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்தார்கள்: ‘இந்தத் தளத்தை இன்ன பிரவுசரில், 800-க்கு 600 அளவில் பார்க்கவும்.’

ஒரு சின்னக் கணக்கைப் பார்த்தால் வடிவமைப்பாளர்கள் பட்ட பாடு புரியும். ஒரு பெட்டியின் அகலம் 300 பிக்சல் என்று எழுதுகிறீர்கள். உள்ளே இரு பக்கமும் 20 பிக்சல் இடைவெளி. இரு பக்கமும் 5 பிக்சல் கோடு. பெட்டி திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? விதிப்படி 300 என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும். இடைவெளியும் கோடும் சேர்ந்தால் 350. எக்ஸ்ப்ளோரர் 5 அப்படிக் கணக்குப் போடவில்லை. அதற்கு எல்லாம் சேர்த்தே 300. உள்ளடக்கத்துக்குக் கிடைத்தது 250. பக்கத்தில் மூன்று பத்திகளை அடுத்தடுத்து நிறுத்தியிருந்தால், ஒரு பிரவுசரில் கச்சிதமாக நிற்கும்; இன்னொன்றில் மூன்றாவது பத்தி இடம் போதாமல் கீழே விழுந்துவிடும்.

எக்ஸ்ப்ளோரர் போட்ட கணக்கு முட்டாள்தனமானது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பெட்டி என்றால் வெளி அளவுதான் நமக்கு முக்கியம். அதே கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதி பின்னர் ‘பார்டர்-பாக்ஸ்’ என்ற பெயரில் சி.எஸ்.எஸ். விதிக்குள்ளேயே வந்தது. இன்று பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் யோசனையில் குறை இல்லை. பொது விதி ஒன்று இருக்கும்போது தனி வழியில் போனதுதான் குறை.

நெட்ஸ்கேப் தோற்றது. 2002 வாக்கில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எக்ஸ்ப்ளோரரில்தான் வலையைப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட்டில் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது; அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான். பெரிய போட்டியாளர் இல்லாததால் அந்த ஐந்து வருடங்கள் எக்ஸ்ப்ளோரர் நின்ற இடத்திலேயே நின்றது. ஓரங்கள் ஊடுருவித் தெரியும் பி.என்.ஜி. படத்தைப் போட்டால், எக்ஸ்ப்ளோரர் 6 அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கட்டம் போட்டுக் காட்டும். ஒரு பெட்டியை இடதுபக்கம் ஒதுக்கி 10 பிக்சல் இடம் விடச் சொன்னால் 20 விடும். இந்தக் கோளாறுகளை மட்டும் சரிக்கட்ட ‘எக்ஸ்ப்ளோரராக இருந்தால் இதைப் படி’ என்று தனிக் கோப்பு எழுதுவது அன்றைய வடிவமைப்பாளர்களின் அன்றாட வேலை.

தமிழில் படித்தவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. யூனிகோடு பரவாத அந்த நாட்களில் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. வாசகர் தனியாக இறக்கி நிறுவவேண்டாம் என்பதற்காகப் பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துரு இறங்கும் ‘டைனமிக் ஃபான்ட்’ முறை வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எக்ஸ்ப்ளோரருக்கு ‘ஈ.ஓ.டி.’ என்ற கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு ‘பி.எஃப்.ஆர்.’ என்ற வேறு கோப்பு. நெட்ஸ்கேப் தன் ஆறாவது பதிப்பில் அந்த வசதியைக் கைவிட்டது. பல தளங்கள் ஈ.ஓ.டி.யோடு நிறுத்திக்கொண்டன. விளைவு, லினக்ஸ் வைத்திருந்தவருக்கும் ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தவருக்கும் தலையங்கம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பைதான் தெரிந்தது. அதைப் படிக்கும்படி மாற்றித்தர ‘பத்மா’ என்று ஓர் ஆட்-ஆன் இருந்தது. பலருக்கு அதுதான் கைகொடுத்தது.

யூனிகோடு வந்தபிறகாவது தொல்லை ஒழிந்ததா? முழுக்க ஒழியவில்லை. ஃபயர்பாக்ஸ் 2 காலத்தில் தமிழில் எழுதியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். புத்தகத்தில் இருப்பதுபோல வரிகளின் இரு ஓரமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும் என்று ‘ஜஸ்டிஃபை’ செய்துவிட்டால் போதும், எக்ஸ்ப்ளோரரில் அழகாகத் தெரியும் கட்டுரை ஃபயர்பாக்ஸில் சிதறிவிடும். ‘கொ’ என்பது ஒரு எழுத்து. அதில் கொம்பு முன்னால் வந்து, கால் பின்னால் வரவேண்டும். வரியை நீட்டுவதற்காக அந்த இன்ஜின் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்ததால் கொம்பும் காலும் மெய்யெழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றன. ஆங்கிலத்தில் இப்படிப் பிரித்தால் எதுவும் கெடாது. தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் படிக்கவே முடியாது. ‘தயவுசெய்து ஜஸ்டிஃபை போடாதீர்கள்’ என்று தமிழ்ப் பதிவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட காலம் அது. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபிறகுதான் அது சரியானது.

போனில் நிலைமை இன்னும் மோசம். பட்டன் வைத்த நோக்கியா போன்களிலும் ஆரம்பகால ஆண்ட்ராய்டுகளிலும் தமிழ் என்றாலே கட்டம் கட்டமாகத்தான் வரும். அங்கே கைகொடுத்தது ஓபரா மினி. முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டினால் ஒரு அமைப்புப் பட்டியல் வரும். அதில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும் வரியில் ‘யெஸ்’ போட்டுச் சேமிக்கவேண்டும். அவ்வளவுதான். அதன்பிறகு ஓபராவின் சர்வரே தமிழ் எழுத்துகளைச் சிறு சிறு படங்களாக வரைந்து அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகும். எழுத்து சற்று மங்கலாக இருக்கும். ஆனாலும் செய்தி படிக்கலாம், கதை படிக்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த எத்தனையோ பேர் அப்படித்தான் ஊர்ச் செய்தியைக் கையில் பார்த்தார்கள். நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க, வாய்மொழியாகவே பரவிய தொழில்நுட்பம் அது.

ஒரு பிரவுசரை நம்பி ஒரு நாடே கட்டுண்டு கிடந்த கதையும் இருக்கிறது. தென்கொரியா. 1990-களின் பிற்பகுதியில் வலுவான ரகசியக் குறியீட்டு முறைகளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தது. வெளிநாடுகளுக்குக் கிடைத்த பிரவுசர்களில் பாதுகாப்பு பலவீனமானது. வங்கி வேலைக்கு அது போதாது என்று கொரியா தானே ‘சீட்’ என்ற 128 பிட் முறையை உருவாக்கிக்கொண்டது. அது நியாயமான முடிவு. ஆனால் அப்போது அது எந்த பிரவுசருக்குள்ளும் கிடையாது. ஆக்டிவ்எக்ஸ் என்ற இணைப்பு வழியாகத்தான் ஓடும். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவது விண்டோஸில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். அரசு அங்கீகரித்த டிஜிட்டல் சான்றிதழ் இல்லாமல் இணையத்தில் பணப் பரிமாற்றம் செய்ய முடியாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியபிறகும் இந்த ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது. உலகிலேயே அதிவேக இணையம் கொண்ட நாடுகளில் ஒன்றில், மேக் கணினி வைத்திருந்தவர் வங்கிக் கணக்கைப் பார்க்க இன்னொரு விண்டோஸ் கணினியைத் தேடவேண்டியிருந்தது.

2014-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இந்தப் பிரச்சினையை அதிபர் மேசைக்கே கொண்டுபோனது. ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ தொடரில் கதாநாயகி அணிந்த மேல்கோட்டை வாங்க சீன ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள். கொரியக் கடைத் தளங்களில் அவர்களால் பணம் கட்ட முடியவில்லை. அந்த மார்ச்சில் அதிபர் பார்க் கியுன்-ஹே இதையே உதாரணமாகச் சொல்லி விதிகளை மாற்றவேண்டும் என்று பேசினார். அப்படியும் அந்தச் சான்றிதழின் தனி உரிமை சட்டப்படி நீங்கியது 2020 டிசம்பரில்தான். 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தியபோது, கியோங்ஜு நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே செதுக்கச் செய்து நிறுத்தினார்.

நமக்கும் இது அந்நியமான கதை அல்ல. ஆன்லைனில் டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்களைக் கேட்டுப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, ஜாவா போட்டு, அதுவும் பழைய ஜாவா போட்டுத்தான் கையெழுத்து விழும் என்ற தளங்கள் இருந்தன. குரோம் 2015-லும் ஃபயர்பாக்ஸ் 2017-லும் பிரவுசருக்குள் ஜாவாவை ஓட்டிய பழைய பிளக்-இன் முறையை நிறுத்திவிட்டன. அதன்பின் எக்ஸ்ப்ளோரர்தான் கதி. அப்டேட் செய்தால் கையெழுத்து வேலை செய்யாது என்ற பயத்தில், ஒரு பழைய கணினியை அப்டேட்டே செய்யாமல் தனியாக வைத்திருப்பார்கள். பணம் புழங்கும் கணினிதான் பாதுகாப்பில் மிகப் பலவீனமாக இருக்கும் என்றால் அது எவ்வளவு ஆபத்து!

தளங்கள் பிரவுசரின் பெயரைக் கேட்டு ஆள் பார்த்துப் பரிமாறுவது இன்னொரு பழைய நோய். ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் தன் பெயரைச் சொல்லும். இன்றைய குரோம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது தெரியுமா? ‘மொசில்லா/5.0’ என்று ஆரம்பிக்கும். பிறகு ‘ஆப்பிள்வெப்கிட்/537.36’. அதற்குப் பிறகு ‘கே.எச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரி’. அப்புறம்தான் ‘குரோம்’. கடைசியில் ‘சஃபாரி’. ஒரே வரியில் இத்தனை பெயர்கள்! மொசில்லா என்பது நெட்ஸ்கேப் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பெயர் சொன்னால்தான் நல்ல பக்கத்தைத் தருவேன் என்று தளங்கள் நின்றதால் எக்ஸ்ப்ளோரரும் மொசில்லா என்றது. கெக்கோவுக்கு மட்டும் தருவேன் என்ற தளங்களுக்காக சஃபாரி ‘கெக்கோ மாதிரி’ என்றது. சஃபாரிக்கு மட்டும் என்ற தளங்களுக்காக குரோம் சஃபாரி என்றது. முப்பது வருடமாகப் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் வேறு பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்திருக்கிறது.

ஓபரா தன் பத்தாவது பதிப்பைக் கொண்டுவந்தபோது, பல தளங்கள் ‘10’-ல் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, இது ஓபரா 1, மிகப் பழசு என்று விரட்டின. வேறு வழியின்றி ஓபரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2022-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் நூறாவது பதிப்பைத் தொட்டபோதும் இதே பயம் வந்தது. மூன்று இலக்கம் கண்டால் எந்தெந்தத் தளம் தடுமாறும் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சோதித்தார்கள். இவையெல்லாம் அறியாமையால் வந்தவை. அதற்கு முன்பே 2003-ல் நடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். தளம் ஓபரா 7-க்கு மட்டும் வேறொரு சி.எஸ்.எஸ். கோப்பை அனுப்பியது, அதில் 30 பிக்சல் இடதுபக்கம் இழுக்கும் ஒரு வரி இருந்ததால் பக்கம் ஓரம் வெட்டுப்பட்டதுபோலத் தெரிந்தது. பார்க்கிறவர் ஓபராதான் சரியில்லை என்று நினைப்பார். ஓபரா கம்பெனி அந்த வரியையே எடுத்து ஊர் அறிய வெளியிட்டது.

இன்று எக்ஸ்ப்ளோரர் இல்லை. ஆனால் அதன் நாற்காலி காலியாகவும் இல்லை. உலகில் வலையைப் பார்ப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குரோமில் பார்க்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டே 2020 ஜனவரியில் தன் சொந்த இன்ஜினை விட்டுவிட்டு கூகுளின் இன்ஜினுக்கு எட்ஜை மாற்றிவிட்டது. குரோமில் ஓடினால் போதும் என்று வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் மறுபடி வந்துவிட்டது. குரோம் நல்ல பிரவுசர்தான். எக்ஸ்ப்ளோரர் 6-ஐப்போல அது தூங்கவில்லை. ஆனாலும் ஒரே ஒரு கம்பெனியின் இன்ஜின் எப்படி வரைகிறதோ அதுவே விதி என்றாகிவிட்டால், பொது விதிக்கு வேலை இல்லாமல் போய்விடும். அந்தக் கம்பெனி நாளை எதை நிறுத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.

நம்பிக்கையான செய்தியும் இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை 2022 முதல் ‘இன்டராப்’ என்ற பெயரில் ஒன்றாக உட்கார்ந்து, வருடாவருடம் எந்தெந்த வசதிகள் பிரவுசருக்குப் பிரவுசர் மாறித் தெரிகின்றன என்று பட்டியல் போட்டுச் சரிசெய்கின்றன. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. வடிவமைப்பாளர்கள் வெகுநாள் ஆசைப்பட்ட ‘ஹாஸ்’ என்ற சி.எஸ்.எஸ். வசதி 2022 மார்ச்சில் சஃபாரிக்கும், ஆகஸ்ட்டில் குரோமுக்கும், 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸுக்கும் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் எல்லாருக்கும் கிடைப்பது எக்ஸ்ப்ளோரர் காலத்தில் கனவிலும் நடக்காதது.

தளம் வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கு: பிரவுசரின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சி.எஸ்.எஸ்.-ஸிலேயே ‘சப்போர்ட்ஸ்’ என்ற கட்டளை அதற்காகத்தான் இருக்கிறது. எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்பதை ‘கேன் ஐ யூஸ்’ தளம் ஒரு நொடியில் சொல்லும். எல்லா போனையும் வாங்கி வைக்க முடியாதுதான். வாடகைக்குச் சோதித்துப் பார்க்கும் வசதியைத் தருவதற்கென்றே 2011-ல் மும்பையில் பிரவுசர்ஸ்டாக் என்ற கம்பெனி உருவானது. அதற்கும் பணம் இல்லையென்றால் ஒரு ஐபோனும், கணினியில் ஃபயர்பாக்ஸும் போதும். இரண்டிலும் உங்கள் படிவத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். உடைவது எப்போதும் படிவத்தில்தான்.

வாசகர்களுக்கு: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள் லிங்க்கைத் தட்டினால் பக்கம் பல நேரம் அந்தச் செயலியின் உள்ளேயே திறக்கிறது. கூகுள் கணக்கு வழியாக உள்ளே போவது அங்கே பெரும்பாலும் தடைபடும். பாதுகாப்புக்காக கூகுளே அதைத் தடுத்துவைத்திருக்கிறது. மூன்று புள்ளி மெனுவைத் தட்டி வெளி பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள். பட்டன் அழுந்தவில்லையா? முதலில் பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். விளம்பரம் தடுக்கும் ஆட்-ஆன் இருந்தால் நிறுத்திவைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறு பிரவுசர் போய் உங்கள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வேலை முக்கியம்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த போன், எந்த பிரவுசர், எத்தனையாவது பதிப்பு, எந்த பட்டன் என்று நான்கு வரி எழுதி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு அந்தத் தளத்தாருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஃபயர்பாக்ஸ் என்றால் மெனுவிலேயே உடைந்த தளத்தைப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. அந்தப் புகார்களைப் பார்த்துத் தளத்தாரோடு பேசுவதற்கென்றே மொசில்லாவில் ஆட்கள் இருக்கிறார்கள். ‘குரோம்ல ஓபன் பண்ணுங்க’ என்று போனில் சொன்னால், “சரி, செய்கிறேன், ஆனால் இதையும் புகாராக எழுதிக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை வையுங்கள்.

(தொடரும்)